ஆறு டிஸ்க், ஏழு பதில்

“இந்த மெஷினை ஒரு தடவை அணைக்கணும் சார்.”

அதை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லியிருந்தார். அவருக்கும் முன்னால் வீட்டில் அப்பா சொன்னார், தன் சட்டைக்குப் பித்தான் போட்டபடி, பிள்ளையை முதல் தடவை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர் மாதிரி: “சம்பளம் கூடக் கேளு, லீவு கேளு, நாற்காலி ஆடுதுன்னு சண்டை போடு. கீழ இருக்கிற அந்தப் பெரிய மெஷினை அணைக்கச் சொல்லி மட்டும் கேட்காத. உனக்கு முன்னாடி இருந்தவனுக்கு அதனாலதான் சீட்டு கிழிஞ்சது.” சரி சரி என்று தலையாட்டியவள்தான். வாரம் முடிவதற்குள் மேலாளரின் மேசை முன்னால் நின்று கேட்டே விட்டாள்.

மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன காரணம்?”

“ஆறு ஹார்ட் டிஸ்க்தான் மாட்டியிருக்கு. ஏழு பதில் சொல்லுது.”

“சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.”

“இல்லாத டிஸ்க் எப்படி சார் பதில் சொல்லும்? அணைச்சுட்டு கேபிளைக் கழட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, சலிப்பு. “ஏம்மா, அது ஓட ஆரம்பிச்சப்ப உனக்குப் பால் பல்லு கூட விழுந்திருக்காது. அன்னைலேர்ந்து நிக்காம சுத்துது. நின்னா திரும்ப எந்திரிக்குமா? படிச்சிருக்கியே, நீயே சொல்லு.”

எந்திரிக்காது. அது அவளுக்கும் தெரியும். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி மாதிரி வழவழத்த தட்டு சுற்றுகிறது. அதன் மேலே, தொட்டும் தொடாமலும், ஒரு முள் மிதக்கிறது. வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றிய தட்டு ஒரு நாள் நின்றால், முள் அதன்மேல் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மோட்டார் எவ்வளவு முக்கினாலும் தட்டு அசையாது. உள்ளே இருப்பது எல்லாம் உள்ளேயே இருக்கும், யாருக்கும் கிடைக்காது. அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் வாயாடியிருப்பாள். சரியாகச் சொன்னதுதான் எரிச்சலாக இருந்தது.

“ஆறோ ஏழோ, பதில் சொல்றதையெல்லாம் புதுசுக்கு மாத்து. மாத்தினதை அழி. அதுக்குத்தான் உன்னை எடுத்திருக்கு,” என்றார் மேலாளர். “போற வழியில கதவைச் சாத்திட்டுப் போ.”

மற்ற கம்பெனிகளுக்கு வருகிற போன் அழைப்புகளை எடுத்துப் பேசித் தருகிற கம்பெனி அது. மாடியில் வரிசை வரிசையாகப் பெண்கள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பேசியது, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பேசியது, எல்லாம் பதிவாகி, ஜன்னலே இல்லாத கீழ்த்தளத்து அறையில், ஒரு இரும்பு அலமாரி அளவு மெஷினுக்குள் கிடந்தது. அந்த அறைக்குள் நுழைந்தால் முதலில் வருவது வாசம்தான்: சூடான தூசி, தேய்ந்த ரப்பர், யாரோ நெடுநேரம் போர்த்திக்கொண்டிருந்த கம்பளியைப் பிரித்தது போல ஒரு மனித வெக்கை. பிறகுதான் சத்தம் வரும். ஆறு டிஸ்க்கும் ஒரே சுருதியில் சுற்றுவதாக முதல் நாள் தோன்றியது. போகப் போக ஒன்று முனகுவதும், ஒன்று பல்லைக் கடிப்பதும், ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குவதும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின.

கல்லூரியில் இந்த வகைகளையெல்லாம் படத்தில்தான் பார்த்திருந்தாள். கை அகலச் சாம்பல் நாடாவில் இரண்டு டிஸ்க்கைக் கோத்து, ஒன்றுக்கு எசமான், மற்றதுக்கு அடிமை என்று பேரே வைத்திருந்த ஒரு பழைய ரகம் உண்டு. அந்தப் பேரை வைத்தது யார் என்று எழுந்து கேட்டதற்கு அன்றைக்கு வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அடுத்து வந்தது சாட்டா: விரல் அகலக் கேபிள், ஒரு கேபிளுக்கு ஒரே டிஸ்க், யாரும் யாருக்கும் கீழே இல்லை. அதற்கும் பிறகு எஸ்.எஸ்.டி.: உள்ளே தட்டு இல்லை, முள் இல்லை, சுற்றுவதற்கு எதுவுமே இல்லை, எவ்வளவு தகவல் கொட்டினாலும் வாயைத் திறக்காது.

பெரிய மெஷினில் இருந்தது இவை எதுவும் இல்லை, ஸ்கஸி. ஒரே நீளக் கேபிளில் டிஸ்க்குகளை வரிசையாக மாட்டுவது, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி. ஒவ்வொன்றின் முதுகிலும் அரிசி அளவு பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி ஓர் எண் கொடுக்க வேண்டும். மெஷின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்காரன் மட்டும் பதில் சொல்வான். கேபிள் முடிகிற இடத்தில் கட்டாயம் ஒரு மூடி மாட்ட வேண்டும். இல்லையென்றால் கூப்பிட்ட குரல் அங்கே நிற்காது.

ஆறு எண்ணுக்கு ஆறு டிஸ்க். ஏழாம் எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை. மெஷின் வழக்கப்படி அதையும் கூப்பிட்டது. பதில் வந்தது.

மற்ற ஆறும் கண் இமைப்பதற்குள் பதில் சொல்லி, தயாரித்தவர் பேர், கொள்ளளவு எல்லாம் ஒப்பித்தன. ஏழாவது கொஞ்சம் தாமதித்தது, பேரைக் கேட்டதும் தூக்கத்திலிருந்து விழிப்பவர் போல. பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கொள்ளளவு, ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், வேறாக இருந்தது. டிஸ்க்கின் கொள்ளளவு என்பது அதன் உடம்பு, அது மாறாது.

“மேடம், கொஞ்சம் காலைத் தூக்குறீங்களா? பொதுமக்களுக்கு இடைஞ்சல் இல்லாம உக்காருங்க.”

அப்பா. நீலச் சீருடை, கையில் மாப். அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலை அவருக்கு. மகளுக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அப்பா மகள் என்று இங்கே காட்டிக்கொள்ள வேண்டாம், மாடியில் இருக்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா அதையே விளையாட்டாக்கிவிட்டார்.

“கிண்டல் பண்ணாதப்பா.”

“உஷ். இங்க ஏதும்மா அப்பா? நான் ஹவுஸ்கீப்பிங்.” குரலைத் தாழ்த்தினார். “கேட்டுட்டியாமே? மாடியில ஒரே பேச்சு. ஒரு வாரம் தாங்குவேன்னு நினைச்சேன், வாயாடி. பந்தயம் கட்டியிருந்தா தோத்திருப்பேன்.”

“ஏழாவதா ஒண்ணு பதில் சொல்லுதுப்பா. யாருன்னே தெரியல.”

“பதில்தானே சொல்லுது? உங்கம்மா மாதிரி கேள்வி கேட்டாத்தான் பயப்படணும்.”

சிரித்தபடி மெஷினுக்குப் பின்னால் போனார். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற சந்து. அங்கே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். துடைத்து முடித்ததும் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்வார். மெஷின் விடுகிற வெதுவெதுப்பு இடுப்பு வலிக்கு இதமாக இருக்குமாம். மெஷினுக்குப் பேரே வைத்திருந்தார். “பெரியவர் முதுகு பிடிச்சு விடுறாரும்மா. காசே வாங்க மாட்டேங்கிறாரு.”

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று மேலாளர் சொல்லவில்லை. வீம்புக்கு ஏழாவதிலிருந்தே ஆரம்பித்தாள். மாற்றுகிற புரோகிராம் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, புதிய எஸ்.எஸ்.டி.யில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பழையதிலிருந்து நீக்கும். திரையில் வரிகள் ஓடின. மற்ற டிஸ்க்குகளில் இருந்தவை நீள நீளமான பதிவுகள், தேதியும் நேரமும் போட்டவை. இதில் இருந்தவற்றுக்குத் தேதி கிடையாது. எல்லாமே குட்டிக் குட்டியாக, ஒரு மூச்சைவிடச் சின்னதாக இருந்தன. எண்ண முடியாத அளவுக்கு இருந்தன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா கையை நீட்டினார். “அதை எடு.”

“எதை?” என்றாள் அம்மா.

“அதான். வெள்ளையா. போடுவோமே.”

“உப்புன்னு வாயைத் தொறந்து சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

அப்பா சிரித்தார். அம்மா சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “உப்பு.” நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி. பிறகு, “இதுக்குப் பேரு அதுவா?” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகளும் சிரித்தாள்.

அடுத்த நாள் பூட்டின் முன்னால் நின்று, அதைத் திறப்பதற்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல், விரலைத் திருகித் திருகிக் காட்டினார். அதற்கு அடுத்த நாள் மாடியில் யாரோ மாப் கேட்டதற்கு வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திட்டு வாங்கினார். வயசாகிறதில்லையா என்றாள் அம்மா. வயசானால் மறதி வரும், வார்த்தை ஒன்றொன்றாக உதிருமா? பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் குலம் கோத்திரம் வரை விசாரித்துவிடுகிற மனிதர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைகள், மரங்கள், விளம்பரப் பலகைகள். ஒவ்வொன்றையும் அவர் பார்க்கிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்த்து, காத்திருந்து, ஒன்றும் வராமல், அடுத்ததைப் பார்த்தார்.

கீழ்த்தளத்தில் ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் மாறியிருந்தது. மாறியது சரியாக இருக்கிறதா என்று ஒன்றிரண்டைத் திறந்து கேட்பது வழக்கம். ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டாள். கை போன இடத்தில் ஒன்றை அழுத்தினாள்.

உள்ளிழுத்த மூச்சு. பிறகு, ஆணின் குரலில், தாழ்வாக: “படிக்கட்டு.”

அடுத்தது. “ஈரம்.”

அடுத்தது. “சாவி.”

கை நின்றது. ஏசி காற்று கழுத்தில் பட்டது. அந்தக் குரலை அவள் இப்படித் தனியாக, பேச்சின் நடுவில் இல்லாமல், சிரிப்பு ஒட்டாமல் கேட்டதே இல்லை. உரித்து வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் தெரிந்தது. இன்னும் ஒன்றை அழுத்தினாள், அழுத்தக் கூடாது என்று தெரிந்தே.

“உப்பு.”

காதில் மாட்டியதைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தாள். மெஷினுக்குப் பின்னால் போனாள்.

அப்பா பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல், வேகமாக, ஒவ்வொரு தடவையும் வேறு வடிவத்தில். ஒரு வார்த்தை. இன்னொரு வார்த்தை. இன்னொன்று. மேசைக்கு ஓடி வந்து புரோகிராமை நிறுத்தினாள். திரும்பிப் போய்ப் பார்த்தாள்.

உதடுகள் நின்றிருந்தன.

“அப்பா. எந்திரி. எந்திரிப்பா.”

தோளைப் பிடித்து இழுத்தபோது பின்கழுத்திலிருந்து என்னவோ பிரிந்தது. ஒட்டியிருந்த ஈரத் துணி பிரிகிற சத்தம். ஸ்கஸி கேபிளின் கடைசி முனை, மெஷினுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மூடி இல்லை. எப்போதோ கழன்று விழுந்து, எப்போதோ பெருக்கிப் போயிருக்க வேண்டும். அப்பாவின் பிடரியில், முடிக்குக் கீழே, சின்னச் சின்னப் புள்ளிகள். இரண்டு வரிசை. ரத்தம் இல்லை. தழும்பு மாதிரி ஆறிப்போயிருந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். அவளை வெகுநேரம் பார்த்தார். “மேடம்?” என்றார். அதில் சிரிப்பு இல்லை.

அலமாரியைக் குடைந்து ஒரு மூடியைத் தேடி எடுத்து, கேபிளின் முனையில் அழுத்தி மாட்டினாள். மேசைக்கு வந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். ஆறும் பதில் சொல்லின. ஏழாவதைக் கூப்பிட்டாள்.

அவளுக்கு எதிரே, அறையின் நடுவில், கேபிளுக்கு எட்டாத தூரத்தில் நின்றிருந்த அப்பாவின் தலை லேசாக நிமிர்ந்தது.

திரையில் பதில் வந்தது. இப்போது தாமதமே இல்லை.

மாறிப்போனதைத் திருப்பி எழுதிப் பார்த்தாள். ஏழாவது ஏற்கவில்லை, அதிலிருந்து எடுக்கலாம், நீக்கலாம், அழிக்கலாம், கொடுக்க மட்டும் முடியாது. ஹெட்செட்டை அப்பாவின் காதில் வைத்து, அவருடைய குரலையே அவருக்குப் போட்டுக் காட்டினாள். படிக்கட்டு. ஈரம். சாவி. மழையைக் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். புரோகிராமை நிறுத்தியபடியே விட்டுவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மாவிடம் காய்ச்சல் என்றாள். வேறு என்ன சொல்வது?

காலையில் அம்மா சத்தம் போட்டாள். சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார், குளித்து, சீருடை போட்டு, அம்மாவைப் பார்த்தபடி. வாய் திறந்து மூடியது. ஒன்றும் வரவில்லை. “என்னங்க? என்னைக் கூப்பிடுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. எத்தனை தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கேன், இன்னைக்குச் சொல்லுங்க.” அம்மா அவர் கன்னத்தைத் தட்டினாள். டாக்டரிடம் போகலாம் என்று செருப்பை மாட்டினாள். அதற்குள் அப்பா வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், பஸ் நிறுத்தத்தை நோக்கி, யாரோ எண்ணைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. மகள் பின்னாலேயே ஓடினாள்.

மேலாளர் நல்ல மனநிலையில் இருந்தார். “நிறுத்தி வெச்சுட்டுப் போயிட்ட. நான் இங்கேர்ந்தே ஓட விட்டேன். ராத்திரியோட ஏழாவது முழுசா மாறிடுச்சு. மதியத்துக்கு மேல பூஜ்யம் போடுறோம். முடிஞ்சது கதை.”

அந்த நொடியிலும், கூச்சமே இல்லாமல், அவளுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. நீக்குவது வேறு, அழிப்பது வேறு. டிஸ்க்கிலிருந்து ஒன்றை நீக்கினால், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் போகும். பொருள் அதே இடத்தில் அப்படியேதான் கிடக்கும், அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை. அப்பா அவருக்குள்ளேயேதான் இருக்கிறார். போகிற வழி மட்டும்தான் தொலைந்திருக்கிறது. தேடினால் மீட்கலாம். பூஜ்யம் போடாமல் இருந்தால். பூஜ்யம் போடுவது என்றால் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை அதையே எழுதி நிரப்புவது. அதற்குப் பிறகு தேடுவதற்கு ஒன்றும் இருக்காது.

“பூஜ்யம் போடாதீங்க சார். கும்பிட்டுக் கேக்குறேன்.”

“விதி அது. அடுத்தவங்க பேச்சு அதுல இருக்கு.”

“அதுல இருக்கிறது எங்கப்பா சார்.”

பேனாவை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாடிப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரு?”

“உங்க தரையைத் துடைக்கிறவரு. எங்கப்பா. அவரோட வார்த்தை எல்லாம் அதுல இருக்கு. வந்து கேளுங்க. ஒண்ணே ஒண்ணைக் கேளுங்க.”

மேலாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். “நாலு நாள் வீட்ல இரும்மா. நல்லாத் தூங்கு. கீழ்த்தளத்துல தனியா உக்காந்தா யாருக்கும் இப்படித்தான் ஆகும், உனக்கு முன்னாடி இருந்த பையனும் இதே மாதிரிதான் என்னவோ உளறினான். சரி, உனக்காக ஒண்ணு செய்யுறேன். பூஜ்யம் போட்டு முடிஞ்சதும் சாயங்காலம் அந்த மெஷினை ஒரேயடியா அணைச்சுடுவோம். நீ கேட்டதுதானே? சந்தோஷமா?”

“வேண்டாம் சார். அதை அணைக்காதீங்க.”

“அன்னைக்கு அணைங்கன்ன. இன்னைக்கு அணைக்காதீங்கன்ற. என்னதான் வேணும் உனக்கு?”

எது வேண்டும்? பூஜ்யம் போட்டால் அப்பா மிஞ்ச மாட்டார். மெஷினை அணைத்தால் தட்டு நின்றுவிடும். நின்றது திரும்பச் சுற்றுமா? படிச்சிருக்கியே, நீயே சொல்லு. மூன்று வருஷம் கடன் வாங்கிப் படித்ததெல்லாம் இதைத் தெரிந்துகொள்ளத்தானா? தெரிந்து என்ன கிழிக்க முடிந்தது?

கீழே போனாள்.

அப்பா துடைத்துக்கொண்டிருந்தார். கை மட்டும் வேலையை மறக்கவில்லை. மாப் போனது, வந்தது. போனது, வந்தது. ஈரத் தரையில் குழல்விளக்கு நெளிந்தது. அவள் திரையின் முன்னால் உட்கார்ந்தாள். நிறுத்து என்று அழுத்தினாள். அனுமதி இல்லை என்றது. மறுபடி அழுத்தினாள். அனுமதி இல்லை. மேலாளர் பேரில் ஓடுவதை மேலாளர்தான் நிறுத்த முடியும். திரையின் அடியில் ஒரு கோடு, வெறுமையாக, காத்துக்கொண்டிருந்தது.

மதியம் தாண்டியதும் கோடு துளி நகர்ந்தது.

“சைபர்,” என்றார் அப்பா.

அவள் துள்ளித் திரும்பினாள். பேசிவிட்டார். ஒரு நாள் முழுக்கப் பேசாதவர் பேசிவிட்டார். “அப்பா?”

“சைபர்.”

“அப்பா, நான்தான். வாயாடி. இங்க பாரு.”

“சைபர். சைபர்.”

மாப் போனது, வந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. குரல் மாடியில் ஓயாமல் மன்னிப்புக் கேட்கிறவர்களின் குரல் மாதிரி இருந்தது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. பூஜ்யத்துக்கு அவர் வாயில் வருகிற வார்த்தை, அவரிடம் மிச்சமிருந்த ஒரே வார்த்தை. அல்லது அவருக்குள் வைக்கப்படுகிற ஒரே வார்த்தை.

“சைபர் சைபர் சைபர்.”

வேகம் கூடியது. கோடு நகர்ந்தது. அவர் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் உதடுகள் அசைந்தன. நிற்கவில்லை. சூடான மூச்சு, அதே வடிவம், அதே வடிவம். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள். இன்னும் எழுதப்படாத ஏதோ ஒரு மூலையில், சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு, நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு.

கையை எடுத்தாள்.

மெஷினுக்குப் பின்னால் போனாள். சிவப்பு ஸ்விட்ச், தூசி படிந்து, கண்ணாடி மூடிக்குள் இருந்தது. மூடியைத் தூக்கினாள். யோசிக்கவில்லை. யோசித்தாயிற்று.

அழுத்தினாள்.

முதலில் மின்விசிறிகள் போயின. பிறகு டிஸ்க்குகள். பல்லைக் கடித்தது தளர்ந்தது. முனகியது தேய்ந்து இறங்கியது. தூக்கத்தில் மூச்சு விட்டது ஒரு தடவை இழுத்து, விட்டது. ஒவ்வொன்றாக. ஆறு.

“சைப—”

பிறகு அமைதி. அந்த அறை இதுவரை கேட்டிராத அமைதி.

சந்திலிருந்து வெளியே வந்தாள். அப்பா குனிந்தபடி இருந்தார். மாப்பை முன்னே தள்ளிய கை அங்கேயே. எடுத்து வைக்கப்போன கால், குதி தரையில் படாமல், அங்கேயே. வாய் திறந்திருந்தது, பாதி வார்த்தையின் அளவுக்கு. மார்பில் காது வைத்தாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உடம்பு சூடாக இருந்தது. கண்ணில் கோத்த நீர் விழவில்லை. கன்னத்தைத் தொட்டாள். மெதுவாகத் தள்ளினாள். விழவில்லை. எங்கேயோ, உள்ளே, எதுவோ எதனோடோ ஒட்டிக்கொண்டிருந்தது.

யாராவது மறுபடி ஸ்விட்சைப் போட்டால் புரோகிராம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அது அவளுக்குத் தெரியும்.

மெஷினின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மறுமுனையையும் பிடுங்கினாள். சுருட்டிப் பையில் போட்டாள். புதிய எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். விரல் நீளம்கூட இல்லை, எடையே இல்லை. விளக்கை அணைத்தாள். வெளியே வந்து பூட்டினாள்.

மேலாளர் மாடிப்படியில் எதிரே வந்தார். “என்ன, முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது சார். அணைச்சாச்சு.”

“பாத்தியா, இவ்வளவுதான்.” கீழே போகப் படியில் கால் வைத்தார்.

“இப்பப் போகாதீங்க. தரை ஈரமா இருக்கு.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பினார். போன் அடித்தது. அம்மா. “டாக்டர் இருக்காராம்டி. உங்கப்பாவைக் கூட்டிட்டு நேரா வந்துடு. கிளம்பிட்டாரா?”

“நீ வீட்டுக்குப் போம்மா. அவருக்கு இன்னும் வேலை இருக்கு.”

“என்ன வேலை? எவ்வளவு நேரம் ஆகும்?”

போனை அணைத்துவிட்டு, வரிசை வரிசையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் நடுவே நடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வெயிலில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காலுக்குக் கீழே எங்கேயோ, இருட்டில், காயாத தரையின் நடுவில், ஒரு காலைத் தூக்கியபடி, வாயை மூட முடியாமல், அவர் நின்றுகொண்டிருந்தார்.